உறுமலார் வீட்டுத் திருட்டு

"யாரோ கை வச்சிருக்காங்க," என்றார் உறுமலார், ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தபடி.

"எதுல?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"என் ஆம்புல. உறுமலைக் காணோம்."

"நல்லதாப் போச்சு. அதான் கொஞ்ச நாளா எனக்குத் தலைவலியே இல்லை."

அவர் திரும்பிச் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சந்தேகப்பட்டியலில் முதல் பெயர் ஏறியது.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர யாரும் அதைச் சொல்வதில்லை. மேடையில் அவர் கிட்டாரின் தடித்த கம்பியை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தால், சுரம் முடிகிற இடத்தில் கிழட்டுப் புலி தூக்கத்தில் முனகுவதுபோல ஒரு கரகரப்பு எழும். அதைக் கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும். ப்ளூஸ் ராக் இசை வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். அந்த உறுமல் அவருக்கு மட்டும்தான். அதனால் அவரும் உறுமலார் ஆகிப்போனார்.

"அந்தச் சத்தம் எப்படி சார் வருது?" என்று பேட்டி எடுக்க வருகிறவர்கள் கேட்டுவிட்டால் போதும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் பயந்து ஒதுக்குகிற தடித்த கம்பி. பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையால் தட்டாமல் கட்டைவிரல் சதையால் தட்டுகிற வித்தை. கிட்டாரின் வால்யூம் குமிழை முழுசாகத் திருகாமல் மயிரிழை குறைத்து வைக்கிற நிதானம். கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற, கண்ணாடி வால்வு போட்ட பழைய ஆம்ப், அது சூடேறும்வரை காத்திருக்கிற பொறுமை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆம்ப் தரையில் உட்காரக்கூடாது, முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும்.

அந்த உயரத்துக்கு அவருக்கு வாய்த்தது மனைவியின் பழைய தகரப்பெட்டி. பூட்டும் சாவியும் அவளுடையவை. உள்ளே என்ன இருக்கிறது என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இவருக்கு வேண்டியது அதன் உயரம் மட்டும்தான். ஆம்ப் எந்த மேடைக்குப் போனாலும் அடியில் பெட்டியும் போகும். "பத்திரமாத் திரும்பக் கொண்டாந்துடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் வேன்காரரிடம் அவள் சொல்லி அனுப்புவது பெட்டியைத்தான். கணவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது கம்பி அதே கம்பி, விரல் அதே விரல். சத்தம் மட்டும் கழுவித் துடைத்தாற்போலச் சுத்தமாக வந்தது. மருத்துவமனை வரவேற்பறையில் மெல்லப் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி.

ஒத்திகையின்போது டிரம்மர், அவர்தான் குழுவுக்குத் தலைவர், குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது. சனிக்கிழமை கச்சேரியில அந்த மெதுவான பாட்டுல தனியா வாசிக்கிற சோலோவை வேணும்னா மாப்பிள்ளை வாசிக்கட்டுமே?"

மாப்பிள்ளை என்றால் உறுமலாரின் சொந்த மாப்பிள்ளை. குழுவில் இரண்டாவது கிட்டார்.

"ஏன், எனக்கென்ன கேடு?"

"அதில்லண்ணே. இதைக் கேளுங்க. அவர் வீட்டுல பழகுறப்ப எடுத்தது."

டிரம்மர் கைபேசியை நீட்டினார். ஒரு தடித்த கம்பி, ஓர் இழுப்பு, வாலில் ஒரு கரகரப்பு.

உறுமலார் கைபேசியைப் பிடுங்கிக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டார். அது அவருடைய உறுமல். தன் குரலைத் தானே அடையாளம் கண்டுகொள்ளாத மனுஷன் உண்டா?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. மகளும் மாப்பிள்ளையும் புது வீட்டுக்குக் குடிபோகிற சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார்கள். சாப்பாடு ஆனதும் இவர் கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்க்கும்போது மாப்பிள்ளை பெரிய துணிப்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல், அடிமேல் அடி வைத்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். எவனாவது பழைய துணியை அப்படித் தூக்குவானா? கண்ணாடிச் சாமானை அல்லவா அப்படித் தூக்குவார்கள்? வால்வு எதனால் செய்தது? கண்ணாடியால்!

மனைவியிடம் கேட்கலாம்தான். ஆனால் மாப்பிள்ளை என்றால் அவளுக்கு மனசு உருகிவிடும். வழியனுப்பும்போது அவளே அல்லவா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்? கூட்டுக் களவு என்று முடிவு கட்டினார்.

மறுநாளே ஆம்ப் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதை யாரும் தொடலையே. எல்லாம் பழைய வால்வுதான். தூசிகூடக் கலையலை."

"தூசியைத் திரும்பத் தூவியிருந்தா?"

மெக்கானிக் டார்ச்சை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "யாரு சார் தூசியைப் போய்த் தூவுவாங்க?"

'நீயும் உடந்தையோ என்னவோ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வால்வு எல்லாவற்றையும் புதிதாக மாற்றச் சொன்னார். வேண்டாம் சார் என்று மெக்கானிக் மன்றாடியும் கேட்கவில்லை. புது வால்வு போட்டதும் சுத்தமாக இருந்த சத்தம் பளிங்கு மாதிரி ஆனது.

அடுத்து இன்னும் தடித்த கம்பி வாங்கி மாட்டினார். அது கம்பியா, பாலத்துக்குக் கட்டுகிற வடமா என்று சந்தேகம் வரும். ஒரு நாள் முழுக்க அழுத்தியதில் உறுமல் வரவில்லை, கட்டைவிரலில் கொப்புளம்தான் வந்தது. கொப்புளத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினார். பிளாஸ்திரி போட்ட விரலால் தட்டினால் தலையணையைத் தட்டுகிற சத்தம் வந்தது. அதைச் சரிக்கட்ட வால்யூம் குமிழைக் கடைசிவரை திருகினார். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை வேன்காரர் வந்து ஆம்பையும் பெட்டியையும் வண்டியில் ஏற்றினார்.

"அண்ணே, இப்பல்லாம் தூக்க லேசா இருக்கு. முந்தி இடுப்பு ஒடிஞ்சுபோகும்."

உறுமலார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்ன சொன்னே? லேசாவா?"

"ஆமாண்ணே. பாதி கனம்கூட இல்லை."

அப்படியானால் வால்வு இல்லை. ஆம்புக்குள்ளே இருக்கிற கனமான டிரான்ஸ்ஃபார்மரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்! மெக்கானிக் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஏதோ சொத்தை டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருக்கிறார்கள். பெண்ணைக் கொடுத்தோம், பக்கத்தில் நிறுத்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்தோம், கடைசியில் மாப்பிள்ளை கைவைத்தது இதிலா? அவருக்கு ஆத்திரத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. உறுமல் இல்லாத உறுமலாரை யார் கூப்பிடுவார்கள்? எப்படிக் கூப்பிடுவார்கள்?

"வண்டியை மக வீட்டுக்கு விடு," என்றார்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவசரத்துக்கு என்று மகள் கொடுத்து வைத்திருந்த சாவி அவரிடம் இருந்தது. இதைவிட அவசரம் வேறென்ன? கதவைத் திறந்துவிட்டு வேன்காரரை உள்ளே அனுப்பினார். மாப்பிள்ளை திடீரென்று வந்துவிடுவாரோ என்று தான் மட்டும் படிக்கட்டருகே காவல் நின்றார். சொந்த மகள் வீட்டில் திருடன் மாதிரி நிற்கிறோமே என்று ஒரு கணம் கூசியது. திருட்டுப்போன பொருளை மீட்பது திருட்டாகாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

உள்ளேயிருந்து வேன்காரரின் குரல் வந்தது. "அண்ணே, இது மேல சாமான்லாம் இருக்கு."

"எதுவா இருந்தா என்ன, இறக்கி ஓரமா வச்சிட்டு ஆம்பைத் தூக்கிட்டு வா. சீக்கிரம்!"

மாலையில் அரங்கத்துக்கு வந்த மாப்பிள்ளை, தன்னுடைய ஆம்ப் மாமனாரின் தகரப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"மாமா, இது என்னோடது மாதிரி இருக்கே?"

"உங்களோடதா? வாசிக்கிறேன், கேளுங்க. யாரோடதுன்னு சத்தமே சொல்லும்."

டிரம்மர் எழுந்து நின்றார். உறுமலார் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தார். கொப்புளம் எரிந்ததைப் பொருட்படுத்தாமல், கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டி ஓர் இழுப்பு இழுத்தார்.

மருத்துவமனை வரவேற்பறை.

மறுபடி இழுத்தார். அதே சுத்தம்.

"கில்லாடி மாப்பிள்ளை நீங்க!" என்று கத்தினார். "நான் வருவேன்னு தெரிஞ்சு அதுக்குள்ள கழற்றி ஒளிச்சு வச்சிட்டீங்க!"

"எதை மாமா?"

"உறுமலை!"

மாப்பிள்ளை ஓடிவந்து கிட்டாரை வாங்கித் தானே வாசித்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"காலையில வரைக்கும் இருந்துச்சே! நீங்க இதுல என்ன பண்ணினீங்க?"

"நீங்க என் ஆம்புல என்ன பண்ணினீங்களோ அதைத்தான் நானும் கேட்கிறேன்."

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை மாமா." மாப்பிள்ளை கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். "உங்க கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். எவ்வளவு பழகியும் வரலை. புது வீட்டுக்குப் போனதும் ஒருநாள் திடீர்னு வந்துடுச்சு. மாமாவோட கை எனக்கு வந்துடுச்சுன்னு உங்க பொண்ணுகிட்டச் சொல்லி அழுதுட்டேன். அது பொய்யா?"

நடிப்பு என்று சொல்லத்தான் உறுமலார் நினைத்தார். ஆனால் எதிரே நிற்கிறவர் கண்ணில் இருந்தது இத்தனை நாளும் கண்ணாடியில் தான் பார்த்த அதே பயம். பறிகொடுத்தவர்கள் இருவர் இருக்கிறார்கள், திருடனைத்தான் காணவில்லை. மெதுவாக மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்தார். அப்படி வைத்துக்கொண்டே டிரம்மரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னை ஏண்ணே பார்க்குறீங்க?" என்று டிரம்மர் பதறினார். "கூட்டத்துக்குக் கதவைத் திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. அந்தப் பாட்டே வேணாம், எடுத்துடலாம்."

உறுமலார் தகரப்பெட்டியின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தார். அது டொங்கென்று வெற்றுச் சத்தம் போட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டு இல்லாமல் அவர் மேடை இறங்கியதே இல்லை.

அப்போது பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, வேலையிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டு நேராக ஓடிவந்த மகள் மூச்சிரைக்க நின்றாள். கணவரைப் பார்க்கவில்லை, டிரம்மரைப் பார்க்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்பாவை முறைத்தாள்.

"அலமாரி வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு, அம்மா இந்தத் தகரப்பெட்டியிலேருந்து எடுத்துக் குடுத்த எவர்சில்வர் பாத்திரத்தையெல்லாம் அவரோட ஆம்ப் மேல அழகா அடுக்கி வச்சிருந்தேனேப்பா, அதையெல்லாம் யாரு இறக்கித் தரையில போட்டது?"