சுடர் அசையாமல் 'ப' சொல்வது எப்படி

அன்பும் கொஞ்சம் சோம்பலும் உள்ள மச்சான் டெரெக்குக்கு,

பிரான்சிலிருந்து உன் அக்கா புருஷன் நார்மன் எழுதுவது. நானும் உன் அக்கா டோரினும் சுகம். லீட்ஸில் விடாத மழை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் மழைதான், சாப்பாடு மட்டும் தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். சந்தை மண்டபத்துக்குள் தேன்காரர் இருந்த மூலை காலியாகிவிட்டது. கூரைக்குக் கீழே, வாசலைப் பார்த்த இடம். நான் இன்னும் வெளியில் குடைக்கடியில் நம் ஊர் செடார் பாலாடைக்கட்டி விற்கிறேன், மழை வந்தால் ஒரு ஆள் நிற்பதில்லை. அந்த மூலை கிடைத்தால் நீயும் வந்து கூட்டாளி ஆகலாம். கிடைக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். வரும் சனிக்கிழமை வியாபாரிகள் ஓட்டுப் போடுகிறார்கள். இடம் கேட்கிறவன் எல்லார் முன்னாலும் நின்று தன் சரக்கைப் பற்றி வாய்விட்டுப் பேச வேண்டும், அதுதான் இங்கே முறை. ஆகவே நான் பிரெஞ்சு மெய்யெழுத்துகளைப் பிடித்து மடக்கிவிட்டேன். நீயும் இன்றே தொடங்கு. கஷ்டமே இல்லை.

முதலில் ப, ட, க. நாம் இங்கிலீஷில் இவற்றைச் சொல்லும்போது கூடவே ஒரு ஊது ஊதுகிறோம். பிரெஞ்சுக்காரர் மூச்சைச் செலவழிப்பதில்லை. உதட்டுக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு சொல், சுடர் அசையக் கூடாது. இந்த வித்தை படிவதற்கு முன்னால் ஒருநாள் பக்கத்துக் கடை மதாம் பெஸ்னாரின் ஆட்டுப்பால் கட்டியைக் குனிந்து பார்த்து, 'ப'வில் தொடங்குகிற பாராட்டு ஒன்றைச் சொன்னேன். அந்தக் கட்டிகள் மேலே சாம்பல் தூவி விற்பவை. சாம்பல் முழுக்க அந்த அம்மாளின் வெள்ளைச் சட்டையில். "ஏன்யா நார்மன், புகழ்றதுன்னா தள்ளி நின்னு புகழக் கூடாதா?" என்றாள். அன்று முழுவதும் அவள் சரக்கு சாம்பலில்லாமல் வழுக்கையாக உட்கார்ந்திருந்தது. அடுத்தது, நம் ஊர் 'ட' இங்கே செல்லாது. நாக்கு பல்லில் முட்டுகிற 'த'தான் வேண்டும். நான் முட்டினேன், கொஞ்சம் பலமாகவே. மேல்வரிசைப் பல்செட் கழன்று தராசுத் தட்டில் விழுந்தது. வாங்க வந்த கிழவர் ஆடவில்லை அசையவில்லை, "இதையும் சேர்த்தா எடை போடுவீங்க?" என்றார். சேர்க்கவில்லை என்று கையைக் காட்டினேன். அப்போது வாயால் சொல்லும் நிலையில் நான் இல்லை. (புதுப் பசை வாங்கியாகிவிட்டது, கவலைப்படாதே.)

'ர' தான் பெரிய ஆள். நாக்கை வேலைக்கு வைக்காதே. தொண்டைக்கு அடியில், வாய் கொப்பளிக்கிற இடத்தில் அது குடியிருக்கிறது. கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பழகினேன். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்கார அம்மா ஓடிவந்து, "மூச்சு விடுங்கய்யா, விடுங்க!" என்று முதுகில் குத்திய குத்தில் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது, கூடவே முதல் சுத்தமான 'ர'வும் வந்தது. விடுவேனா? அந்த அம்மாளுக்கே அரைக்கிலோ விற்றேன். சொல்லின் கடைசி எழுத்துகளோ கண்ணாடிப் பெட்டியில் வைத்த சரக்கு மாதிரி. எழுத்தில் காட்டுவார்கள், வாயால் எடுத்துத் தரமாட்டார்கள். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் சட்டென்று எடுத்து நீட்டுவார்கள். பழக்கப்பட்ட வாடிக்கைக்குத் தனிச் சலுகை என்று வைத்துக்கொள், புரிந்துவிடும். டோரின்தான், "வீட்டுக்குள்ள யாரோ கரகரன்னு மரம் அறுக்கிற மாதிரி இருக்கு, சோறு இறங்க மாட்டேங்குது" என்று புலம்புகிறாள். புலம்பட்டும், கூரை கிடைத்தால் சிரிப்பாள்.

ஆக, தினமும் காலையில் பழகு. இப்போது என் பேச்சில் இங்கிலீஷ் வாடையே இல்லை. அந்த மூலை நமக்குத்தான்.

அக்கா உனக்குக் கம்பளிக் காலுறை எடுத்து வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு எங்கள் வணக்கம், நாய்க்கு ஒரு தடவல். உன் உடம்பும் தொழிலும் நிமிர்ந்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
நார்மன் ஹெப்பிள்

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், சனிக்கிழமைப் பேச்சை மதாம் பெஸ்னாரிடமும் கறிக்கடை வஷேயிடமும் ஒத்திகை பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. கடைசியில் வஷே, "என்னய்யா இது, அசல் பாரிஸ்காரன் மாதிரி பேசுறீங்க! நம்மளை மட்டமாப் பாக்குற பாரிஸ்காரனுக்கு இந்த மண்டபத்துல எவன் ஓட்டுப் போடுவான்?" என்றான். "இங்கிலீஷ்காரர், பாவம், மழையில நனையுறாருன்னு ஊரையே நான் பேசி வச்சிருந்தேன், எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!" என்று மதாம் பெஸ்னார் தலையில் கை வைத்துக்கொண்டாள். பழைய நாக்கைக் கொண்டுவரப் பார்த்தேன், வரமாட்டேன் என்கிறது. மச்சான், மேலே எழுதிய எதையும் பழகாதே. இருக்கிற இங்கிலீஷ் நாக்கோடு வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர். பேச்சை நீ பேசு. நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நனைந்தபடி நிற்கிறேன்.