அம்மாவின் இடுப்பும் அடுப்படி ஜன்னலும்

"ரெண்டு எழுத்து படிச்சிட்டா எலும்புக்குள்ள நடக்குறதெல்லாம் தெரிஞ்சிருமாக்கும்? இரும்புக்கு ஏதுடி வலி?"

பெரியப்பா இப்படிக் கேட்டதும் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். வரை படித்த முதல் ஆள் நான். (கர்வமா என்றால், ஆமா, கர்வந்தான்.)

விஷயம் அம்மாவின் இடுப்பு. ரப்பர் மலையில் பால்வாளியோடு வழுக்கி விழுந்து, எலும்பு உடைந்து, செயற்கை மூட்டு வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வலி இல்லாதவரை ஆஸ்பத்திரிப் பக்கம் யார் போவார்கள்? இப்போது, உட்கார்ந்து எழுந்து முதல் அடி வைத்தாலே அம்மாவின் முகம் சுருங்கியது. கிளினிக்கில் புதுப் படம் எடுத்த டாக்டர், "மூட்டைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கும் போலத் தெரிகிறது. பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் விளக்கினேன். மூட்டிலுள்ள பிளாஸ்டிக் தேய்ந்து தூளாகும். அந்தத் தூளை அழிக்கப் போகும் உடம்பு, பக்கத்து எலும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். மழையில் மண் கரைந்த வேலிக்கம்பு மாதிரி மூட்டு ஆட்டம் காணும். இவ்வளவு அழகான விளக்கத்துக்குத்தான் பெரியப்பாவின் அந்தக் கேள்வி.

சரி, பழைய படம் எங்கே?

"அடுப்படியில" என்றார் அப்பா, சீனி டப்பாவைக் காட்டுவது போல.

அடுப்படி ஜன்னலில் கண்ணாடி உடைந்தபோது, அந்த இடத்தில் எக்ஸ்ரேயை ஒட்டியிருக்கிறார். பால் வெட்டும் எங்கள் ஆட்களுக்கு எதை ஒட்டுவதென்றாலும் ரப்பர் பால்தான். அம்மாவின் இடுப்பு வழியாகத்தான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்துகொண்டிருந்தது. பயாலஜி படித்த நான், அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் எலும்புப் பாடத்தை மனப்பாடம் செய்தேன். ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்தேனா?

கத்தியால் நெம்பினேன். ஓரம் கிழிந்தது.

"நான் ஒட்டுனதும்மா. பிரியாது" என்றார் அப்பா. அதில் பெருமை வேறு.

கீலைக் கழற்றினேன். கிளினிக் நாளன்று ஒரு கையில் அம்மா, ஒரு கையில் ஜன்னல் கதவு என்று எஹலியகொடையில் பஸ் ஏறினேன்.

"மே மொகத்த நங்கி?" என்றார் கண்டக்டர், இது என்ன தங்கச்சி என்று சிங்களத்தில்.

"அம்மாகே எக்ஸ்ரே எக" என்றேன். அம்மாவின் எக்ஸ்ரே என்றுதான் சொன்னேன். அவ்வளவுதான், அம்மாவின் இடுப்பு முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை கைமாறிப் போய்த் திரும்பி வந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவை உள்ளே விட்ட காவலர், என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் கைகாட்டினார். எக்ஸ்ரே பார்க்கும் இடம் போலிருக்கிறது என்று போனேன். தச்சுப் பட்டறை! அங்கிருந்த தச்சுவேலை பாஸ் ஜன்னலை வாங்கிப் படுக்கவைத்தார். பழையதைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடி போட உளியை எடுத்தார்.

"ஐயோ, அது எங்கம்மா!" என்று கத்தினேன். (பயத்தில் சிங்களம் வரவில்லை. வந்திருந்தாலும் அவருக்கு என்ன புரிந்திருக்கும்?)

ஜன்னலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அம்மாவின் நம்பரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கிளினிக் கதவில் நர்ஸ் மறித்தார்.

"ஜன்னல வெளிய வெச்சிட்டு வாங்க."

"ஜன்னல்தான் மிஸ் உள்ள போகணும். வேணும்னா நான் வெளிய நிக்கிறேன்."

இரண்டு பேரும் உள்ளே போனோம், நானும் ஜன்னலும். அம்மா பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஜன்னலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இங்கே கறுப்பாக இருக்கிறதே, அப்போதே எலும்பு கரைந்திருக்கிறதா?"

"இல்ல சேர், அடுப்புக் கரி" என்று துப்பட்டாவால் துடைத்தேன்.

துடைத்ததும் தெரிந்தது. பழைய படத்தில் எலும்பு இரும்பை இறுக்கிப் பிடித்திருந்தது. புதுப் படத்தில் இரும்பைச் சுற்றிக் கறுப்பு இடைவெளி. அதைத் துடைக்க முடியவில்லை. டாக்டர் சிரிக்கவேயில்லை. "இன்னும் விட்டிருந்தால் எலும்பே உடைந்திருக்கும். நல்ல வேளை கொண்டுவந்தீர்கள்" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி ஆபரேஷன் செய்து மூட்டை மாற்றினார்கள். அம்மா இப்போது முகம் சுருங்காமல் எழுந்து நடக்கிறார். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா அதைக் காட்டி, "ஐயோ, அது எங்கம்மா!" என்று என் குரலிலேயே கத்துகிறார். கத்தட்டும். கத்துகிறவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பது அம்மாதான், நடந்து வந்து.

அடுத்த லயத்துக் கன்னியம்மா அக்காவுக்கு இரும்பு முழங்கால். போன மாதத்திலிருந்து வலி. பழைய படம் கோழிக்கூட்டுக் கூரையில் இருக்கிறது. ஒட்டியது எங்கள் அப்பா.

இன்று காலை கூரையைக் கழற்றிவிட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது பெரியப்பா.