ரசமட்டம் வைத்துப் போட்ட பாத்ரூம்

டைல்ஸ் விற்கிறவனுக்கு டைல்ஸ் ஒட்டவும் தெரியும் என்று ஊர் நம்பினால் பரவாயில்லை. அவனே நம்பிவிடக் கூடாது.

மாமல்லபுரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தங்கை ரஹிமாவைப் பெண் பார்க்கக் கருங்குழியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. வீட்டு பாத்ரூமோ வெறும் சிமென்ட் தரை. மேஸ்திரி யாரும் கிடைக்கவில்லை. நானே போடுகிறேன் என்று கிளம்பினேன்.

"வேணாண்டா, மானம் போயிடும்" என்றாள் அம்மா.

"நீ கம்முனு இரும்மா. ஒரு சொட்டுத் தண்ணி கீழ எறங்காது!"

(இந்த வாக்கை அப்படியே காப்பாற்றினேன். அதுதான் வினை.)

வாட்டர்புரூஃப் பூச்சை மூலைமுடுக்கு விடாமல் இரண்டு கை அடித்தேன். ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தேன், கசிவே இல்லை. பிறகு ஒவ்வொரு டைல் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை தட்டினேன். முதுகு விட்டுப்போனது, நான் விடவில்லை. மட்டம் கெடுகிறதே என்று பாத்ரூம் வாசல் கல்லையும் பெயர்த்தேன். கேரம் போர்டு தோற்றது போங்கள்! தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கம் தரை கொஞ்சம் சரிந்து வாட்டமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு. அஸர் பாங்கு சொன்னதும், வந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தொழுகைக்கு ஒளுச் செய்யப் போனார்கள். கை, முகம், கால் கழுவிய தண்ணீர் ஓட்டையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஹாலுக்கு வந்து, ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தாவை நனைத்தது.

"இன்னாப்பா இது, வூட்டுக்குள்ளயே கடல் கீது?" வேட்டியைப் பிழிந்துகொண்டே எழுந்தார்.

போச்சு, மூன்றாவது இடமும் போச்சு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பை எடுத்து விடாமல் துடைத்தேன். தண்ணீரும் விடாமல் வந்தது. அதற்குமேல் பொறுக்கமாட்டாமல் ரஹிமா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்து மாப்பைப் பிடுங்கினாள்.

"எட்டப் போண்ணே! இன்னொரு தபா ரசமட்டத்த தொட்டே, கைய ஒடச்சிடுவேன்!"

அம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் எழுந்து பேண்டைச் சுருட்டினார். ஜமுக்காளத்தின் ஒரு முனையைத் தூக்கி, "அந்தப் பக்கம் நீங்க புடிங்க" என்றார் அவளிடம். இருவரும் முறுக்கிப் பிழிந்தார்கள். பிழியப் பிழியச் சிரித்தார்கள்.

"இதுக்கு மேல பொண்ணு பாக்க இன்னா கீது? தேதி குறிங்க" என்றார் ஈர வேட்டிக்காரர்.

இப்போது குடும்பத்தில் யார் வீட்டு பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டாலும் முதல் அழைப்பு எனக்குத்தான். போன மாதம் ரஹிமாவின் வீட்டுக்காரர் கூப்பிட்டார். புதுத் தரையில் என்னை நிற்கவைத்து, "எப்படி கீது மச்சான்?" என்றார்.

குனிந்து பார்த்தேன். "சூப்பர்! குறையே இல்ல."

அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "பேத்துட்டு மறுபடி போடுங்க மேஸ்திரி."