பக்கிரியைப் பார்த்தால் அழ வேண்டும்

"அழறதா?" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்லீங்க," என்றான் பக்கிரி. வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். இப்போது இருப்பது நெல்லித்தோப்பில் ஓர் ஓட்டு வீட்டில், பவுடரும் மையும் அப்பிய ஒரு குழந்தையின் எதிரில்.

தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் சென்னையிலிருந்து வந்த சக்கரபாணி. தாய்க்கும் சேய்க்கும் உள்ள ஒட்டுதலைப் பற்றி ஆராய்கிறவர். முறை எளியது. தாய் வெளியே போக வேண்டும். முன்பின் தெரியாதவன் உள்ளே வர வேண்டும். குழந்தை அழ வேண்டும். முன்பின் தெரியாதவனாக இருப்பதுதான் பக்கிரிக்கு வேலை.

அந்தத் தெருவிலிருந்து தினம் வேறொருத்தி கைப்பிள்ளையோடு வந்தாள். தினமும் அவள் போனாள், இவன் வந்தான், பிள்ளை அழவில்லை.

இவன் முகம் ரொம்பச் சாது என்றார் சக்கரபாணி. மறுநாள் கரியால் மீசை வரைந்துகொண்டான். பிள்ளை அதைத் தடவித் தன் கன்னத்திலும் பூசிக்கொண்டது. அடுத்த நாள் யாரிடமோ கெஞ்சி, பிரெஞ்சுக்காரன் காலத்துச் சிவப்புப் போலீஸ் தொப்பி வாங்கி வந்து, மாட்டிக்கொண்டு உறுமினான். பிள்ளை தவழ்ந்து வந்து மடியில் ஏறித் தொப்பிக்குக் கை நீட்டியது.

பக்கிரிக்கு அலுத்துவிட்டது. ஆனால் ஆராய்ச்சி படுத்தால் சக்கரபாணி சென்னைக்கு ரயிலேறிவிடுவார். இவன் அண்ணனின் கட்டுமரத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அலை எழும்பினாலே வாந்தி எடுக்கிறவன் அவன். அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டான்.

இன்று அஞ்சலாட்சியின் முறை. பிள்ளையை உட்கார வைத்துவிட்டு வெளியே போனாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கிரியைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தது.

"போதும்ப்பா. நாளைக்கு நான் கெளம்பறேன்," என்றார் சக்கரபாணி.

பக்கிரி எழுந்து வாசலைத் தாண்டினான்.

பின்னால் வீடே அதிர்ந்தது. பிள்ளை இரண்டு கையையும் வாசல் பக்கம் நீட்டி வீறிட்டது. முகம் கறுத்து, மூச்சு வாங்க அழுதது.

சக்கரபாணி தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "பெத்தவ போனா சிரிக்கறது, அன்னியன் போனா அழறது. இதை எவன் ஒத்துப்பான்?"

தாள்களைச் சுருட்ட ஆரம்பித்தார். பக்கிரி திரும்பி வந்து தூக்கியதும் பிள்ளை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அடங்கியது.

அஞ்சலாட்சி பதறி உள்ளே ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, பெரிய மனுசன் எதிர்ல நாங்க பெத்த புள்ளைங்க கத்தி மானத்த வாங்கிடுமேன்னு, தெருவுலயே அழுவாத புள்ள ரஞ்சிதம் புள்ளதான்னு, தெனமும் இத ஒண்ணையேதான் அடையாளம் தெரியாம பவுடரும் மையும் அப்பி, ஆளாளுக்கு எரவல் வாங்கினு வந்தோம்; இதுவும் அழுவும்னு தெரியாது, தம்பிய மட்டும் வேலைய விட்டு எடுத்துடாதீங்க."