ஓவனுக்குள் ஒரு சாயங்காலம்

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மச்சான் அவர்களுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. உன்னைப் போய் 'அவர்கள்' என்று எழுதுவதிலிருந்தே காரியம் பெரிது என்று உனக்குப் புரிந்திருக்கும். இங்கே நானும் நாலு சுவர்களும் நலம். அங்கே நீயும், உன் மனைவியும், குழந்தைகளும், போன வாரம் விருந்தாளியாக வந்து இன்னும் திரும்பாமலிருக்கும் உன் அக்காவும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். எப்போது கூப்பிட்டாலும் உன் சின்னப் பெண்தான் எடுக்கிறாள். "அத்தை குளிக்கிறாங்க மாமா" என்கிறாள். ஒரு மனுஷி காலை, மதியம், சாயங்காலம் என்று குளித்துக்கொண்டே இருந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்னத்துக்கு ஆகும்? அந்தக் கவலையில்தான் கடிதம்.

நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் அவள் சொன்ன விதத்தில்தான் தெரியும். பல் டாக்டரும் அவர் மனைவியும் சாப்பிட வந்த அன்றைக்கு உன் அக்கா கீஷ் செய்தாள். மாவிலே கரை வைத்த தட்டு மாதிரி ஒன்று செய்து, அதற்குள் வதக்கின வெங்காயம், கீரை, சீஸ் எல்லாம் போட்டு, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி ஓவனில் சுடுகிற பண்டம். டாக்டர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதுல என்ன இருக்கு டாக்டர், ஊத்தி உள்ள வச்சா தானா வேகுது" என்று சொல்லித் தொலைத்தேன். உன் அக்கா எழுந்து போனாள். தட்டுகளைக் கழுவினாள். மறுநாள் பெட்டியோடு வாசலில் நின்று, "நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்க. வெந்ததும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்றாள்.

மச்சான், வெந்துகொண்டிருக்கிறது! அடுப்படியில் நாற்காலி போட்டு, ஓவன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சும்மா வந்துவிடவில்லை. மாவில் வெண்ணெயைப் போட்டுப் பிசையும்போது ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஆடியது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்துட்டேன், திரை ஆடினா எனக்கு ஏதோ நாடகம் ஆரம்பிக்கப் போகுதுன்னுதான் தோணும், காலம் முழுக்க அரங்கத்துல விளக்குப் போட்டவன் இல்லியா, திரும்பிப் பார்த்தா வெண்ணெய் மொத்தமும் உருகி முழங்கை வரைக்கும் வழியுது. சரின்னு இன்னொரு கிண்ணம் மாவை எடுத்தேன். உருட்டுக்கட்டையை உன் அக்கா எங்க வச்சிருக்காளோ, கிடைக்கல, ஒரு கண்ணாடி பாட்டிலால உருட்டினேன், அதுக்குள்ள எண்ணெய் இருந்ததும் மூடி சரியா மூடாததும் அப்புறம்தான் தெரிஞ்சுது. வெங்காயம் நறுக்கும்போது கீழ்வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாங்க. "அழாதீங்கண்ணே, அண்ணி வந்துடுவாங்க"ன்னாங்க. வெங்காயம்தாம்மான்னு சொன்னேன். அது பாதிதான் உண்மை.

ஓவன்ல இருக்கிற ரெண்டு திருகுலயும் எழுத்தெல்லாம் துடைச்சுத் துடைச்சு அழிஞ்சு கிடக்கு. ஒண்ணைத் திருப்பினேன், உள்ள பளிச்சுன்னு வெளிச்சம் வந்துது. நம்ம தொழில்ல வெளிச்சம் வந்துட்டா எல்லாம் வந்த மாதிரிதான். முதல்ல வெறும் மாவு மேல பயறைக் கொட்டிச் சுடணுமாம், அப்பதான் உப்பாதாம். அதையும் செஞ்சேன். உன் அக்கா துணியைச் சுத்திக்கிட்டு "ஸ் ஸ்"ன்னுதான் தட்டை எடுப்பா. நான் வெறும் கையால எடுத்தேன் மச்சான், ஒண்ணுமே தெரியல! விளக்குச் சூட்டுல காய்ச்சுப்போன கையாச்சே. இதைக் கண்டிப்பா அவகிட்டச் சொல்லு.

தையல்காரம்மா மறுபடியும் வந்து, "என்னண்ணே, வாசமே வரலயே?"ன்னாங்க. "வாசம் மேல போகும்மா, நீங்க கீழ இருக்கீங்க"ன்னேன். நிறைய யோசிச்சுக்கிட்டே இறங்கிப் போனாங்க.

அப்புறம் அடுப்படி விளக்கை அணைச்சுட்டேன். ஓவன் கண்ணாடிக்குப் பின்னால மட்டும்தான் வெளிச்சம். போன மாசம் ஓவன் பல்பு போனப்ப, நான்தான் தேடி அலைஞ்சு நல்ல இதமான மஞ்சள் பல்பா வாங்கி மாட்டினேன். என்ன நிறம்ங்கிற! அந்தி நேரத்துக் குளம் மாதிரி தங்கமா, அலையே இல்லாம இருக்கு. கீரை அங்கங்க கரையோரச் செடியாட்டம் நிக்குது. பாத்துக்கிட்டே இருந்தேன், கண்ணு சொருகிப்போச்சு. அந்த வெளிச்சத்துல உன் அக்கா நடந்து வர்றா. வயசு இருபதுதான் இருக்கும். அன்னிக்கு நாடகம் பாக்கத் தாமதமா வந்து, உள்ள வர்றதா வேண்டாமான்னு வாசல்ல நின்னாளே, அதே நிலை. உனக்கு இது தெரியாது. நான் விளக்கைக் கொஞ்சம் அவ பக்கம் திருப்பிட்டேன். மேடையில ராஜா இருட்டுல நின்னு கத்திக்கிட்டு இருந்தாரு. மேனேஜர் என்னைத் திட்டாத திட்டில்ல. இன்னிக்குக் கனவுல யாரும் திட்டல. அவ அந்தக் குளத்தோரமா வந்து உக்காந்து, "வெந்துடுச்சா?"ன்னு கேட்டா. முழிச்சுக்கிட்டேன்.

அவ இல்லாம இந்த வீடு நல்லாவே இல்ல மச்சான். சத்தமில்லாத வீடு எவ்வளவு சத்தம் போடுது தெரியுமா? குழாய் சொட்டுறது கூடக் கேக்குது.

ஆகவே, மேற்படி கீஷ் என் கையாலேயே, யார் உதவியும் இன்றி, பொன்னிறமாக, தானாகவே வெந்துவிட்டது என்பதை உன் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டி, நாளைக்கே வண்டி ஏற்றி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். உன் மனைவிக்கு என் அன்பு. பெரியவன் நன்றாகப் படிக்கட்டும். சின்னவள் பொய் சொல்வதில் இன்னும் கொஞ்சம் தேறட்டும். எல்லோரும் பல்லாண்டு நலமாக இருங்கள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் படிச்சுக் காட்டிடாதே. உறையை ஒட்டப் போறப்ப தையல்காரம்மா மனசு கேக்காம மறுபடியும் ஏறி வந்தாங்க. ஓவனைத் திறந்து கையை உள்ள விட்டாங்க. "அண்ணே, ஐஸ் பெட்டியாட்டம் இருக்கு. நீங்க லைட்டை மட்டும் போட்டிருக்கீங்க"ன்னாங்க. தட்டை லேசாச் சாய்ச்சா, மொத்தக் குளமும் ஒரு பக்கமா ஓடுது. பொன்னிறம் பல்போடது மச்சான், முட்டையோடது இல்ல. அந்தம்மா சிரிக்கக்கூட இல்ல, அதுதான் தாங்கல. சூட்டுக்கு எந்தத் திருகுன்னு காட்டிட்டுப் போனாங்க. ஆனா நான் திருப்பல. தட்டை மூடி ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேன். அக்காகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போதும். தானா வேகலையாம்னு சொல்லு.