செக்போஸ்ட் அண்ணனும் பதினைந்து சோம்பேறிகளும்

ஒரு கடிகாரம் சொல்வது உண்மையா என்று பார்க்க இன்னொரு கையிலும் கடிகாரம் கட்டிக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் கோலார் தங்கவயல்காரர். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டிவிட்டால் இன்னும் கலவரப்படுவார். "இன்னாமா இது, ரெண்டும் பேசி வெச்சிகினு சொல்ற மாதிரி கீது" என்பார்.

எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து போயும் அவர் பெயர் எனக்குத் தெரியாது. பெங்களூர் போகும் ரயிலில் எல்லோருக்கும் அவர் செக்போஸ்ட். அவருடைய அப்பா சுரங்க வாசலில் நின்று, ஷிப்ட் முடிந்து வருபவர்கள் தங்கம் ஒளித்து எடுத்துப்போகிறார்களா என்று டிபன் கேரியரையும் தலைமுடியையும் சோதித்தவராம். மகன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும் வெர்னியர் கருவி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். ஒருநாள் ரயிலில் வடை விற்பவரை நிறுத்தி, வடையை அளந்து, "நேத்தவிட மூணு மில்லிமீட்டர் கம்மி" என்று அறிவித்தார். அந்த ஆள் அன்றோடு எங்கள் பெட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டார். வடை போனதற்காக இன்றுவரை நான் செக்போஸ்டை மன்னிக்கவில்லை.

ஆனால் ரயில் கிளம்பும் மாரிகுப்பத்திலேயே ஏறி, வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் எனக்காகப் பக்கத்துச் சீட்டில் துண்டு போட்டு வைப்பவரும் அவர்தான். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் என் வேலை, தொழிற்சாலை இயந்திரங்களைக் கணினியில் வரைவது. நான் கிளம்பும்போது என் மகள் தூங்குவாள். திரும்பி வரும்போதும் தூங்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்குச் சட்னி கேட்டவள், என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று எனக்குத் தோசை இறங்கவில்லை. மறுநாளே மேனேஜரிடம் போய், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டேன்.

"சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்க. நாலாயிரம் பார்ட் சேத்து வரைஞ்ச ஒரு அசெம்பிளியத் திறந்து, ஒரு அளவ மாத்தி, நான் வீடியோல பாக்கும்போதே முடிச்சுக் காட்டுங்க. தொங்கிடுச்சுன்னா மறுபடி ரயில்தான்" என்றார்.

ஒரே தடவைதான் வாங்க முடியும். அதன் மூளையான பிராசசரில் எதை வாங்குவது? ஆபீசில் அத்தனை பேரும் ஒரே குரலில் பதினாறு கோர் என்றார்கள். அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றே செக்போஸ்டுக்குச் சந்தேகம் வரப் போதுமானதாக இருந்தது.

"கோர்னா இன்னா?"

"உள்ள வேலை செய்ற ஆளுங்க மாதிரிண்ணே. பதினாறு பேர்."

"பதினாறு பேரும் வேலை செய்றத நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. மூன்று வாரம் இதே கேள்விதான். நான் கொண்டுபோன விலைப்பட்டியல்களை எல்லாம் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அந்தச் சந்தேக வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் ரயிலை விட்டுப் போவது இவருக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் முட்டுக்கட்டை போடுகிறார் என்று உள்ளுக்குள் பொருமினேன்.

ஒரு சனிக்கிழமை அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். நான் பழகுவதற்காக வரைந்த பெரிய அசெம்பிளி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துவரச் சொல்லியிருந்தார். இரண்டு கையிலும் கடிகாரத்தோடு ஒருவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பெட்டிகளின் மேலிருந்த எண்களை நோட்டில் எழுதத் தொடங்கியதும் கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. ரெய்டு என்று நினைத்து டீ வரவழைத்தார். செக்போஸ்ட் அதைத் தொடவில்லை.

"நாம இன்னும் ஒண்ணுமே வாங்கல. எதுக்குமா டீ தர்றான்?"

பதினாறு கோர் மெஷினில் என் அசெம்பிளியைத் திறந்தோம்.

"உள்ள எவன் எவன் இன்னா பண்றான்னு பாக்கணும்" என்றார் செக்போஸ்ட்.

கடைக்காரர் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்து திரையின் ஓரத்தில் வைத்தார். பதினாறு சின்னக் கட்டங்கள். நான் ஒரு அளவை மாற்றினேன். ஒரே ஒரு கட்டத்தில் கோடு உச்சிக்கு ஏறி நின்றது. மற்ற பதினைந்தும் தரையோடு படுத்திருந்தன.

செக்போஸ்டின் முகத்தில் அப்படியொரு ஆனந்தத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாத்தியாமா? ஒருத்தன் பாறைல டிரில் அடிக்கிறான். பதினஞ்சு பேர் மஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு குந்திகினு கீறானுங்க."

"சார், ரெண்டரிங் பண்ணா எல்லாமே ஓடும். படத்த போட்டோ மாதிரி பளபளன்னு ஆக்கற வேலை" என்றார் கடைக்காரர்.

"நீ அது பண்றியா?" என்று செக்போஸ்ட் என்னைக் கேட்டார்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவைண்ணே."

"ரெண்டு நாள் வேலைக்கு பதினஞ்சு பேருக்கு வருஷம் பூரா சோறா? ஒத்த ஆளா வேகமா ஓடறவன் எவன், அவன காட்டுப்பா."

கடைக்காரர் எட்டு கோர் மட்டும் உள்ள இன்னொன்றைக் காட்டினார். ஆனால் தனித்தனியே ஒவ்வொன்றும் வேகமானது. அதே அளவை மாற்றினோம். முன்னதைவிடச் சீக்கிரமே முடிந்தது. இடது கைக் கடிகாரம் சொன்னதை வலது கையும் ஒப்புக்கொண்டது. அப்படியும் அவர் விடவில்லை. "மொதல்ல எல்லாரும்தான் ஓடுவான். சூடானா இன்னா பண்றான்னு பாக்கலாம்" என்று அதே வேலையை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, ஜுரம் பார்ப்பதுபோல் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மெஷின் வாடவில்லை. கடைக்காரர்தான் வாடிப்போனார். அதையே வாங்கினேன். ரயிலில் பொருமியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மேனேஜர் வீடியோவில் வந்த அன்று அளவை மாற்றினேன். அவர் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. "சரி, திங்கட்கிழமைலேர்ந்து வீட்லயே பாருங்க" என்றார். இப்போது என் மகள் நாளுக்கு நூறு தடவை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டு உயிரை எடுக்கிறாள். எடுக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து ஒரு மீட்டிங்குக்காக ரயில் ஏறினேன். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. என் சீட்டில் துண்டு கிடந்தது.

எதிர்ச்சீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "டெய்லி சண்டைமா. நீங்க வர மாட்டீங்கன்னு சொன்னாலும் ஒருத்தரையும் குந்த வுட மாட்றாரு."

"அந்த மெஷின நம்ப முடியாதுமா" என்றார் செக்போஸ்ட், என் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறிக்கொண்டே. "எப்ப கால வாரும்னு யாருக்கு தெரியும்? சீட்டு இல்லாம பெங்களூர் வரைக்கும் நின்னுகினா போவ?"

மெஷின் இன்றுவரை ஒருநாளும் தொங்கியதில்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவை கோரமண்டலில் ஏறி, "மெஷின் படுத்துக்கிச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருகிறேன். வடையையே அளந்து பார்த்த மனிதர், நான் சொல்வதை மட்டும் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.