வீட்டுக்கு ஒரு ஓட்டு

கப்பல் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மகத்தான முடிவு ஒன்று எடுத்தேன். இனி நான் பொதுவாழ்வில் இறங்குவேன்.

வேறு வழியில்லை. வீட்டுவாழ்வில் காலியிடம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டிலும் தீர்மானங்கள் நிறைவேறும். ஆனால் எனக்குத் தெரியவருவது அமலுக்கு வந்தபிறகுதான். ஒருநாள் கண் விழித்துப் பார்த்தால் ஜன்னலில் பச்சைத் திரைச்சீலை தொங்கும். எப்போது முடிவானது என்று கேட்டால், "போன மாசமே சொன்னேனே, நீங்க தலையாட்டினீங்களே" என்பாள் என் மனைவி விசாலாட்சி. ஆட்டியிருப்பேன். அந்த வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே பதவி அதுதான்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் ஈசூனில். பன்னிரண்டு மாடி புளோக். நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். மாதத்தின் முதல் வியாழக்கிழமை மாலை ஏழரைக்குக் கீழ்த்தளத்து அறையில் வசிப்போர் குழுக் கூட்டம் நடக்கும். அனைவரும் வருக என்று லிஃப்ட் பக்கத்தில் நான்கு மொழியில் ஒட்டியிருப்பார்கள். நான்கு மொழிக்காரர்களும் ஒற்றுமையாக வரமாட்டார்கள். நாற்பது நாற்காலி போட்டிருக்கும். தலைவர் தியோ, செயலாளர் ரக்ஷனா, தூங்குவதற்காக வரும் இரண்டு பெரியவர்கள், நான். ஆக மொத்தம் ஐந்து பேர்.

இரண்டு வருஷத்தில் இருபத்துமூன்று கூட்டம். ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. நடவடிக்கைக் குறிப்புகளை வரிசையாக ஃபைல் போட்டேன். நகர மன்றத்தின் ஆண்டறிக்கையைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டுப் படித்தேன். புறாக்களுக்குச் சோறு போடுகிறவர்கள், ஈரக் குடையோடு லிஃப்டில் ஏறுகிறவர்கள், பழைய மெத்தையைப் படியோரம் சாய்த்துவிட்டு ஓடுகிறவர்கள், எல்லோரைப் பற்றியும் எனக்குக் கருத்து இருந்தது. தியோ நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொள்வார். நடுவில் வெட்டமாட்டார். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை பேசி முடித்தது அந்த அறையில்தான். முதல் தடவை கண் கலங்கிவிட்டது.

என் கேடுகாலமும் அதே முதல் பேச்சில்தான் ஆரம்பித்தது.

வீட்டு வாசல் நடைபாதையில் சாமான் வைப்பதைப் பற்றிப் பேசினேன். தீப்பிடித்தால் ஸ்ட்ரெச்சர் போகவேண்டும், ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் இடம் வேண்டும், விதியை மீறுகிறவர் யாராயிருந்தாலும் தயவு காட்டக்கூடாது என்று மேசையைத் தட்டினேன். மனசில் இருந்தது ஏழாம் மாடி துரைசாமியின் மூன்று சைக்கிள்கள். இரண்டு வாரம் கழித்து நோட்டீஸ் ஒட்டினார்கள். துரைசாமி வீட்டுக் கதவில் அல்ல. எங்கள் வீட்டில். விசாலாட்சி நடைபாதையில் ஒன்பது தொட்டி வைத்திருந்தாள். கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, வாசனைக்குப் போடும் பாண்டான், இரண்டு மல்லிகை, மற்றவை எனக்குப் பெயர் தெரியாதவை.

"என்னங்க, இதுல என்ன போட்டிருக்கு?"

"பதினாலு நாளைக்குள்ள எடுக்கணுமாம்."

"கூட்டத்துல யாரோ பேசினாங்களாம்ல?"

"அது பொதுவா பேசினது."

"யாரு பேசினா?"

"பல பேரு."

"அஞ்சு பேரு வர்ற கூட்டத்துல பல பேரா?"

திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒன்பது தொட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், பக்கத்து வீட்டு ஆமினா பீவியின் தங்கை இருக்கும் புக்கிட் பாஞ்சாங்குக்கு டாக்சியில் அனுப்பிவிட்டு வந்து சமைத்தாள்.

"ரசத்துல என்னமோ குறையுதே, விசாலம்."

"பொதுவா வச்ச ரசம்ங்க."

அன்றிலிருந்து கறிவேப்பிலைக்குத் தேக்கா மார்க்கெட். எம்ஆர்டி ரயிலில் போக வர ஒன்றரை மணி நேரம். போவது நான்.

இப்போது என் கல்மேசையைப் பற்றிச் சொல்லவேண்டும். புளோக்குக்கு வெளியே புல்தரையோரம் ஒரு கல்மேசை இருந்தது. சுற்றி நான்கு கல் இருக்கை. மேலே கறுப்பு வெள்ளைக் கட்டம். தினமும் மாலை ஆறிலிருந்து ஏழரை வரை அங்கே நானும் அப்துல் காதரும் சோடா மூடிகளைக் காய்களாக வைத்துத் தாம் என்கிற கட்ட விளையாட்டு ஆடுவோம். காதர் ஆமினா பீவியின் கணவர். லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருந்து மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். நாற்பது வருஷம் சேலைக்குப் பேரம் பேசியதால், இப்போது அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். எங்களை எதற்காவது கூப்பிட அங்கே யாரும் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு நாள். மிச்சமெல்லாம் அதற்காகக் காத்திருந்தது.

மார்ச் மாதக் கூட்டத்தில் ஆறாவது விஷயமாக அது வந்தது. கல்மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சமூகத் தோட்டம். யோசனை சொன்னவர், குடியிருப்பாளர் ஒருவர்.

"எந்தக் குடியிருப்பாளர்?" என்றேன்.

"பேரு சொல்லக்கூடாது அங்கிள்" என்றாள் ரக்ஷனா. "பட் இன்னும் எதுவும் ஃபைனல் இல்ல. எல்லா வீட்டுக்கும் ஃபார்ம் வரும். செவன்ட்டி ஃபைவ் பர்சென்ட் ஆமான்னு சொன்னாத்தான் தோட்டம்."

"என் எதிர்ப்பை எழுதிக்க."

"எழுதறேன் அங்கிள். பட் ஒரு யூனிட்டுக்கு ஒரு ஓட்டுதான்."

மேலே வந்தேன். விசாலாட்சி சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"விசாலம், என் மேசை போச்சு."

"எந்த மேசை?"

"கீழே இருக்கிற மேசை. அதை எடுத்துட்டுத் தோட்டம் போடப் போறாங்களாம். எந்தப் படுபாவி யோசனை சொன்னானோ தெரியல."

"அட பாவமே" என்றாள். பூண்டைக்கூடக் கீழே வைத்தாள். "விடாதீங்க. போய்ப் பேசுங்க. உங்களை மாதிரிப் பேசறதுக்கு இந்த புளோக்ல வேற யாரு இருக்கா?"

ஆமாம் என்று நினைத்தேன். முப்பத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் என் பேச்சைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. மார்பு விரிந்தது.

"வசிப்போர் குழு மட்டும் போதுமா? நகர மன்றத்துல ஏதோ கலந்துரையாடல் வைக்கிறாங்களாமே, அங்கயும் போங்க. சமூக மன்றத்துல டீ குடிச்சுப் பேசற கூட்டம் இருக்காம், அதுக்கும் போங்க. வீட்டை நான் பாத்துக்கறேன்."

போனேன். ஆறு வாரத்தில் பதினொரு கூட்டம். ஒன்றில் சக்கர நாற்காலிச் சரிவுப்பாதை பற்றிப் பேசினார்கள். நான் கல்மேசை பற்றிப் பேசினேன். இன்னொன்றில் பாலர் பள்ளி வாசல் நெரிசல் பற்றிப் பேசினார்கள். நான் கல்மேசை பற்றிப் பேசினேன். என் வாதம் வலுவானது. தோட்டம் என்றால் தண்ணீர், தண்ணீர் தேங்கினால் கொசு, கொசு வந்தால் டெங்கி. இந்த ஊரில் டெங்கி என்று சொன்னால் தூங்குகிற பெரியவர்கூடக் கண்ணைத் திறப்பார். விஷயம் தெரியாத ஆள் தண்ணீர் ஊற்றினால் புளோக்கே படுத்துவிடும் என்று நான் சொன்னபோது, தியோ பேனாவை எடுத்து அடிக்கோடு போட்டுக்கொண்டார். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் கூட்டத்துக்குக் கிளம்பும் நேரமெல்லாம் வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார்கள். விசாலாட்சியும் ஆமினா பீவியும்.

"யாருக்கு இவ்வளவு?"

"தெரிஞ்சவங்களுக்குங்க."

"எத்தனை பேரைத் தெரியும் உனக்கு?"

"ஒரு நூறு வீடு இருக்கும்."

"நீங்க போங்க அண்ணே, உங்களுக்குக் கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றார் ஆமினா பீவி.

நேரமாகிவிட்டதுதான். நான் போய்விட்டேன். நான் ஐந்து பேரிடம் பேசப் போன நேரத்தில் அவர்கள் மாடி மாடியாகக் கதவு தட்டியது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மூன்றாம் மாடி மலாய்ப் பாட்டிக்கு பாண்டான் தருவதாக வாக்கு. ஒன்பதாம் மாடி சீனத் தம்பதிக்குச் சின்ன மிளகாய். துரைசாமிக்கு முருங்கை.

ஓட்டுப் படிவம் வந்த அன்று நான் சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டாவது பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"ஃபார்ம் வந்திருக்குங்க. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணுமாம்."

"குடு, படிச்சுப் பாத்துப் போடறேன்."

"அதுல என்ன இருக்கு படிக்க? உங்க மேசையைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க பேச்சை எழுதுங்க, யோசனை ஓடும்போது நிறுத்தாதீங்க. கையெழுத்தை மட்டும் போட்டுக் குடுங்க, டிக் நான் பண்ணிக்கிறேன்."

போட்டேன். பட்டறையில் எதுவும் நிரப்பாத வேலை பெர்மிட்டில் கையெழுத்துப் போட்ட ஒரு சூப்பர்வைசரை மூன்று நாள் வேலைக்கு வராதே என்று அனுப்பியவன் நான். கண்ணாடியைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் போட்டேன்.

முடிவு சொல்லும் கூட்டத்துக்கு நானும் விசாலாட்சியும் சேர்ந்தே போனோம். அறை வாசலில் இரண்டு பெரிய முறுக்கு டப்பாக்களை என்னிடம் நீட்டினாள்.

"இதைப் பிடிங்க. கடைசியில எல்லாருக்கும் கொடுக்கணும். கீழ வைக்காதீங்க, எறும்பு வரும்."

உள்ளே போனால் என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்தது. எல்லாம் பெண்கள். என் வழக்கமான இடத்தில் மலாய்ப் பாட்டி. எனக்கு நாற்காலி இல்லை. பின்சுவரோரம், வலக்கையில் ஒன்று இடக்கையில் ஒன்றாக டப்பாவை ஏந்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் காதரும் நின்றார். விசாலாட்சி முன்வரிசைக்குப் போனாள். அங்கே அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

தியோ ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். மொத்த வீடுகள் நூற்றுப் பன்னிரண்டு. தேவைப்படும் ஆதரவு எண்பத்துநான்கு. கிடைத்தது எண்பத்துநான்கு.

"ஒண்ணு குறைஞ்சிருந்தா நம்ம மேசை தப்பிச்சிருக்கும் கதிரு" என்றார் காதர். "என் வீட்டு ஓட்டை ஆமினா போட்டுட்டா. என்கிட்ட கேக்கவே இல்ல லா. உன் வீட்டு ஓட்டாவது வேண்டாம்னு விழுந்துச்சா?"

சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து முன்வரிசைக்குப் போனேன்.

"விசாலம், அந்த ஃபார்ம்ல டிக் எங்க போட்ட?"

"கட்டத்துலதான்."

"எந்தக் கட்டத்துல?"

"மேல இருந்த கட்டத்துல."

"மேல இருந்தது 'ஆம்' ஆச்சே."

"அப்படியா? நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்க, அதான் சரியா இருக்கும்னு நினைச்சேன். பேசாம இருங்க, தலைவர் பேசறாரு."

திரும்பி வந்து சுவரில் சாய்ந்தேன். அழவேண்டும் போலிருந்தது. டப்பா இல்லாமல் இருந்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதிருப்பேன். இருபத்துமூன்று கூட்டம், அதற்குமேல் பதினொன்று. நான் பேசிய பேச்செல்லாம் குறிப்பில் பத்திரமாக இருக்கிறது. மேசைதான் இருக்கப்போவதில்லை.

தோட்டத்தின் பொறுப்பாளராக மேடம் விசாலாட்சி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கைதட்டினார்கள். அடுத்து, இலைதழையை மக்கவைத்து உரம் போடும் வேலைக்கு ஆமினா பீவி எழுந்து தன் கணவர் பெயரைச் சொன்னார். காதர் வாயைத் திறந்தார். ஆமினா பீவி திரும்பிப் பார்த்தார். காதர் வாயை மூடினார்.

"தண்ணீர் ஊற்றுவது தினமும் மாலை ஆறிலிருந்து ஏழரை வரை" என்று தியோ தொடர்ந்தார். "கொசு அபாயத்தைப் பற்றி நம் நண்பர் ஒருவர் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார். ஆகவே விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்."

விசாலாட்சி எழுந்தாள். இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை. கணீரென்று பேசினாள்.

"முப்பத்திரண்டு வருஷம் சேஃப்டி ஆபீசர். கொசுவைப் பத்தி இவருக்குத் தெரியாதது இல்ல. ரெண்டு வருஷத்துல ஒரு கூட்டத்துக்குக்கூட லீவு போட்டதில்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு எப்படியும் கீழதான் இருப்பாரு. என் வீட்டுக்காரர் கதிரேசனை முன்மொழியிறேன்."

"நான் வழிமொழியிறேன் லா" என்றது ஒரு குரல். பக்கத்தில் பார்த்தேன். காதர்.

"பாய், நீங்களுமா?"

"உரக்குழிக்குப் பக்கத்துல நான் ஒத்தையா நிக்கணுமா கதிரு?" என்றார் அவர்.

தியோ அறையைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர். எல்லாவற்றையும் முறைப்படி செய்கிறவர். ஆட்சேபம் உள்ளவர்கள் கையைத் தூக்கலாம் என்று சொல்லி, என்னையே பார்த்தபடி அரை நிமிஷம் காத்திருந்தார்.

என் இரண்டு கையிலும் முறுக்கு டப்பா இருந்தது.